உப்பிட்ட உடலின் மீது நடந்த விசாரணை

அனுப்புநர்:
இசபோ த வெர்னே,
க/பெ அன்தீம் த வெர்னே (காலஞ்சென்றவர்),
சாந்த்ரேய் கிராமம், புவாத்து மாகாணம், பிரான்சு.

பெறுநர்:
மன்னரின் மாகாண ஆணையர் அவர்கள்,
புவாத்தியே நகரம்.

பொருள்: சந்தைத் திடலில் தலைகீழாகத் தொங்கும் என் கணவரின் உடலை இறக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலமைச்சர் கார்டினல் பெருமான் பிரபுக்களின் கோட்டைகளை இடிக்கச் சொன்னபோது, இவ்வட்டாரத்தில் முதலில் கடப்பாரை எடுத்தவர் என் கணவர். பாட்டனார் கட்டிய கோபுரத்தைத் தம் கையாலேயே இடித்தார். அவரைத்தான் தீர்ப்பில் ராஜத்துரோகி என்று எழுதியிருக்கிறீர்கள்.

2. ஈஸ்டர் பூசையில் ஆசீர்வதித்த ரொட்டியை முதலில் பெறுவது எங்கள் குடும்பத்தின் உரிமை. இவ்வாண்டு அது பக்கத்துப் பிரபு கஸ்பாரின் மனைவிக்குப் போயிற்று. கஸ்பார் வாய்விட்டுச் சிரித்தார். என் கணவரோ மிச்சத் துண்டை வாங்கித் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

3. நான்காம் நாள் இருவரும் வாள்சண்டை போட்டார்கள். என் கணவர் மாண்டார். கஸ்பார் எல்லை தாண்டி ஓடிவிட்டதால் அவருடைய படத்தைத் தூக்கிலிட்டீர்கள். படத்துக்கு வலிக்குமா ஐயா?

4. வாள்சண்டை போட்டவரை ராஜத்துரோகி என்னும் மன்னரின் தடைச் சட்டம் செத்தவரையும் விடுவதில்லை. விசாரணை வரை கெடாதிருக்க என் கணவரின் உடலுக்கு உப்பிட்டார்கள். பன்றி இறைச்சிக்கு நான் இடுவதைவிடக் குறைவாகவே இட்டிருந்தார்கள். பிணத்துக்கென ஒரு வக்கீலையும் நியமித்தார்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாதாடினார். நீதிபதி மூன்று முறை கேள்வி கேட்டார். பதில் வரவில்லையாம், ஆகவே குற்றம் உறுதியாம். அடப்பாவிகளா! இன்றோடு ஒன்பது நாளாகக் காகங்கள் கொத்துகின்றன.

5. தீர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது. என் கணவர் தாமாகச் சண்டைக்குப் போகவில்லை. "சட்டம் வந்துடுச்சு இசபோ. ஒரு ரொட்டித் துண்டுக்காகத் தலைய குடுக்கச் சொல்றியா?" என்று என்னிடம் கெஞ்சினார். வேலைக்காரர்கள் முன்னிலையில் நான் சொன்னேன்: "ஊரே சிரிக்குது. உங்க இடுப்புல தொங்குறது வாளா, வெளக்கமாறா? மானம் ரோஷம் இருந்தா போங்க." மூன்று நாள் அவருக்குச் சோறு போடாமல் இதையே சொன்னேன். நான்காம் நாள் போனார்.

6. சண்டைக்குத் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்று அந்தத் தடைச் சட்டத்திலேயே இருக்கிறது. என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை.

எனவே, என் கணவரை இறக்கி, கல்லறையில் ஓரிடம் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கயிறு சும்மா இருக்கக் கூடாதெனில், நான் வீட்டில்தான் இருக்கிறேன். கதவைத் தாழிடவில்லை.

இடம்: சாந்த்ரேய்
நாள்: 9 மே 1634

இப்படிக்கு,
இசபோ த வெர்னே