உன் கேமராவும் அப்பா கேமராவும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஃபோனில் கேட்டால் "நல்லா இருக்கோம்மா" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கேமரா பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். அதனால்தான் இந்தத் தடவை நீ குறுக்கே பேச முடியாதபடி கடிதமாக எழுதுகிறேன். முதலில் தலைபோகிற விஷயம். மாதக் கடைசியில் தள்ளுபடி வரும், எனக்கு அந்தக் கேமராவை வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, வாங்காதே. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி, பிறகு திட்டு.

நீ அனுப்பிய ஒப்பீட்டுப் பட்டியலை என் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன், பதினோரு பக்கம் வந்தது. உன் அப்பா ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர், எதையும் கையில் பிடித்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. நேரே கேமராக் கடைக்குப் போய், நீ சொன்னதையும் அதற்குப் போட்டியாக மற்ற கம்பெனி போட்டிருப்பதையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு, "அவன் சொல்றது பொம்மை மாதிரி இருக்கு, இதுதான் பிடிச்சா பிடிச்ச மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. உண்மையைச் சொன்னால் நான் உன் கட்சிதான். உன் கேமராவில் படம் துல்லியம், மங்கலான வெளிச்சத்திலும் சட்டென்று ஃபோகஸ் ஆகிறது, எல்லாவற்றுக்கும் மேலே என் பழைய கேமராவின் அதே கம்பெனி என்பதால் என் லென்ஸ் இரண்டும் அதில் பொருந்தும். அப்பா கேமராவில் பொருந்தாது. முகம் எடுக்கிற லென்ஸ் பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறது, அதைக் கடையில் கொடுத்துவிட்டு வா என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய பஸ்ஸைப் பாதியில் இறங்கிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் வந்திருப்பாரா என்று கேட்டேன்.

ஆனால் ஏதாவது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய கேமராவில் ஷட்டர் போய்விட்டது, ஐந்து படத்தில் ஒன்று வெறும் கறுப்பாக வருகிறது. ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார், உதிரி பாகம் வருவதில்லையாம். கடைக்காரர் நல்ல மனுஷர், இரண்டு புதுக் கேமராவையும் ஒரு நாள் வைத்துப் பாருங்கள் என்று கொடுத்தார். போன செவ்வாய்க்கிழமை பார்வையில்லாப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வருஷப் படம் எடுக்கிற நாள், ஒன்பது வருஷமாக நான்தானே எடுக்கிறேன், அங்கேயே சோதித்துவிடலாம் என்று மூன்றையும் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்டாண்டும் விளக்கும் அப்பா தலையில்.

உன் கேமராவில்தான் முதலில் எடுத்தேன். ஒன்று இரண்டு மூன்று எண்ணினேன், பத்தொன்பது பிள்ளைகளும் சிரித்தார்கள், அமுக்கினேன். படம் வந்திருந்த அழகைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்து, பெரியவன் சொன்னது நூற்றுக்கு நூறு என்று அப்பாவைச் சீண்டிக்கொண்டே நிமிர்ந்தால், பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, பின்வரிசைப் பையன் ஒருவனுக்குக் கன்னம் நடுங்குகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்தாச்சும்மா, எடுத்தாச்சு என்று பதறிச் சொன்னேன். முன்வரிசை ஓரத்தில் நிற்கிற குட்டிப் பெண்ணை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் சிரிப்பை இறக்காமலே, "நீங்கதான் சொல்றீங்க ஃபோட்டோ அத்தை, அது சொல்லலையே" என்கிறாள். நான் சொன்னால் போதாதா என்றால், "ஊசி போடும்போதும் ஆச்சு ஆச்சுன்னுதான் சொல்றாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷமாக அந்தப் பிள்ளைகள் என் பழைய கேமராவின் டக் சத்தத்துக்குக் காத்திருந்து சிரித்திருக்கிறார்கள், அது கேட்டால்தான் சிரிப்பை இறக்குவார்கள், இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியவே இல்லை. பார்க்கிறதுதான் என் தொழில் என்று வேறு பெருமை.

சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். அமைதி முறையை அணைத்தும் பார்த்தேன், பூனை தும்மினது போலத்தான் கேட்கிறது, விசிறிச் சத்தத்தில் அதுவும் அமுங்கிப்போனது. சரி என்று பழைய கேமராவையே எடுத்தேன். டக். பிள்ளைகள் "வந்துடுச்சு!" என்று ஒரே கூச்சல், தோளைத் தளர்த்தி ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து சிரிக்கிறார்கள். திரையைப் பார்த்தேன், கறுப்பு. அதற்குள் மணி அடித்துவிட்டது, வரிசை கலைந்து சாப்பாட்டுக்குப் போகத் தொடங்கியது. எப்படி வந்திருக்கு, எப்படி வந்திருக்கு என்று என்னைத் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போனார்கள். ரொம்ப நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டேனடா. உன் கேமராவில் எடுத்த படம் இருக்கிறதுதான், ஆனால் அவர்கள் கேட்டது டக் சொன்ன படத்தை. கண்ணை மூடிவிட்டான், மறுபடி நில் என்று ஊரையே நிற்கவைத்தவள் நான், ஒருத்தரிடமும் இல்லாத படத்தை இருக்கிறது என்று சொன்னதில்லை. அப்பா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு விளக்கின் ஒயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வாயாடி மட்டும் டீச்சருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அப்பா தன் கட்சிக் கேமராவை எடுத்துச் சும்மா ஒரு தடவை அமுக்கினார். நல்ல கனமான சத்தம், இரும்புப் பெட்டியைச் சாத்தியது போல. அவள் டக்கென்று திரும்பி, "இது யாரு?" என்றாள், கேமராவைக் கேட்கிறாளாம். இன்னொரு தடவை அமுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது சொல்லுது அத்தை" என்றாள். அப்போது அந்தக் கேமராவில் எடுத்த அவள் படத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன், உன் பட்டியல்படி துல்லியம் குறைவு, நீயே பார்.

ஆக அப்பா கட்சி ஜெயித்தது. லென்ஸைக் கொடுக்க மனசு வலிக்கத்தான் செய்கிறது, பரவாயில்லை, புதியதில் பழகிக்கொள்வேன். நீ வாங்கித் தருவதானால் அதையே வாங்கித் தா, உன் ஆசையை நான் கெடுக்க மாட்டேன். உன் பதினோரு பக்கத்தில் தப்பு ஒன்றும் இல்லை கண்ணா, யாரை எடுக்கப்போகிறோம் என்ற கேள்விதான் அதில் இல்லை, அதை நானும் கேட்கவில்லை. அப்பாவோ இரண்டு நாளாகத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் கேமரா விஷயத்தில் ஆலோசனை சொல்கிறார், தாங்க முடியவில்லை.

மருமகளுக்கு என் அன்பைச் சொல். வலிக்கிறது என்றாயே, உன் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, மாத்திரையை முழுங்கி முழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்குள் சமாதானமாகி, நிறைவாக இருக்க வேண்டும். கேமரா அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் என் கைக்கு வரவேண்டும், மறக்காதே. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு படம் கூடுதலாக எடுக்க என்று டீச்சரிடம் சொல்லிவைத்தேன், ஆனால் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. போன தடவை சத்தம்தான் வந்தது, படம் வரவில்லை, அத்தை உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் எண்ண ஆரம்பிப்பேன்.

உன் நலமே நினைக்கும்,
அம்மா