வயிற்றுவலி என்று நான் சொன்னது

மருமகளுக்கு,

சாவி ஜன்னல் மேல் இருக்கிறது. சோறு மூடி வைத்திருக்கிறேன்.

இன்று உன் கணவனின் வயிற்றுக்குள் மூன்றாம் முறையாகக் குழாய் விட்டுப் பார்ப்பதாக இருந்தது. முதல் இரண்டுக்கே உன் வளையல்கள் போயின. "குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்டபோதெல்லாம், "எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது" என்றது நான்தான். அதற்காக நேற்று நீ கத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் காலையில் அவன், "மானம் உங்களுக்கு, குழாய் எனக்காப்பா?" என்றான். அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நீ சொன்ன தெருமுனை ஆஸ்பத்திரிக்கே, குடியை நிறுத்த இலவசமாக வைத்தியம் பார்க்கும் பிரிவுக்கு, அவனைக் கூட்டிப் போகிறேன். மழை இல்லை, இருந்தும் குடையை எடுத்துக்கொண்டேன்; தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள்.

பி.கு.: படிவத்தில் என்ன நோய் என்று எழுதச் சொல்வார்கள். எனக்குக் கை வராது. சாப்பிட்டுவிட்டு, நீ வந்து எழுது.