பொன்னியம்மாள் போட்ட இஸ்திரி

சேலையூர்
12.8.2024

பிரியமான ஜோசலினுக்கு,

அக்கா கிருபா எழுதிக்கொள்வது. கர்த்தர் காத்ததால் நானும் உன் அத்தானும் ஜெரூஷாவும் நன்றாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கர்ப்பப்பையை எடுத்து மூன்று வருஷம் ஆகியும் வலிக்கிறதென்றால், அந்த டாக்டரம்மா எதை எடுத்தாளோ எதை விட்டாளோ. எனக்கு அவளை அன்றைக்கே பிடிக்கவில்லை.

உனக்கு எழுதுவதை எப்போதும் ஜெரூஷா கையில் கொடுத்தனுப்புவேன். வெள்ளிக்கிழமை நாவலூர் ஆபீசிலிருந்து நேராக உன் வீட்டுக்குத்தானே வருகிறாள். இந்த முறை தபாலில் போடுகிறேன். இரண்டு ஓரத்திலும் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். பிரித்த தடம் ஏதாவது இருந்தால் எழுது. போனில் பேசலாமென்றால் உன் அத்தானுக்கு எதையும் ஸ்பீக்கரில் போட்டால்தான் காது கேட்கும். பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

சனிக்கிழமை ஜெரூஷாவின் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு மாத்திரை அட்டை. தலைவலி மாத்திரை வாங்கினாலும் பில்லைக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிற பெண். மாதக் கணக்கு எழுதும்போது நான் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். இதற்குப் பில் வரவில்லை. கூடவே எறும்பு எழுத்தில் ஒரு காகிதம் மடித்திருந்தது. உன் அத்தானின் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக அகராதியில் பார்த்தேன். கருத்தடை மாத்திரை, ஜோசலின். இருபத்துமூன்று வயது, கல்யாணம் ஆகாத பெண். இருந்தபடியே மடித்து ஜிப்புக்குள் வைத்தேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது. ஆபீசில் கிரீஷ் என்று ஒருவன் இருக்கிறான். வாரத்தில் பாதி நாள் அவன் காரில்தான் கேம்ப் ரோடு சிக்னலில் வந்து இறங்குகிறாள். உடம்பு போட்டிருக்கிறது. முகமெல்லாம் பரு. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தாடையில் முடி பிடுங்குகிறாள். யாருக்காக இந்த அலங்காரம்? அடுத்த மாதம் படப்பையிலிருந்து ஜெர்சன் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாள், இல்லையென்றால் உண்மையைச் சொல்வாள். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. நீதான் அவளுக்குச் செல்லச் சித்தியாயிற்றே, பக்குவமாகக் கேட்டு எழுது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

சபையில் எல்லாரும் சுகம். திருவிருந்து மேஜைத் துணியை இரண்டு மாதமாகப் பொன்னியம்மாள்தான் துவைத்து இஸ்திரி போடுகிறாள். எனக்குத் தோள்பட்டை வலி, முடியவில்லை. அவள் போட்ட இஸ்திரியை நீ பார்க்கவேண்டுமே. நான்கு ஓரமும் சுருண்டு கிடக்கிறது. ஆராதனை முழுக்க என் கண் அதிலேயே இருந்தது. பெண்கள் சங்க விற்பனைக்கு முந்தாநாள் தனியாளாக உட்கார்ந்து ஒரு பெரிய டின் முறுக்கு பிழிந்தேன். உனக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்காக ஜெபத்தோடு காத்திருக்கும்
அக்கா கிருபா


பள்ளிக்கரணை
17.8.2024

என் அன்புள்ள அக்காவுக்கு,

ஜோசலினின் ஸ்தோத்திரம். உன் கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. நானே கத்தரிக்கோல் வைத்துத்தான் பிரித்தேன், இதற்கா இத்தனை பசை?

முதலில் நீ ஒரு டம்ளர் தண்ணீர் குடி. அந்த மாத்திரைக்கு ஒரு வேலை மட்டும் இல்லை அக்கா. மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்களுக்கும் அதையேதான் டாக்டர்கள் எழுதுகிறார்கள். என் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள், அம்மாமாரே டிபன் பாக்சோடு வைத்து அனுப்புகிறார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பரு, உடம்பு போடுவது, தாடையில் முடி எல்லாம் அதோடு வருவதுதான். நீ அலங்காரம் என்று எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்தக் கிரீஷுக்குக் கல்யாணமாகி இரட்டைக் குழந்தை. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. வண்டியில் ஆள் ஏற்றினால் பெட்ரோல் செலவைப் பகிரலாம் என்று நாலு பேரை அடைத்துக்கொண்டு வருகிறானாம். அவன் மேல் சந்தேகப்பட்டாய் என்று தெரிந்தால் அவன் மனைவியே சிரிப்பாள்.

ஒன்று மட்டும் கேள். அந்தப் பச்சை அட்டையைப் பிடுங்கி வைத்துவிடாதே. நடுவில் நிறுத்தினால் அவளுக்குத்தான் கஷ்டம். என்னைத் தூது விடாமல் நீயே பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். உன் பெண்தானே.

தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடு.

உன் தங்கை
ஜோசலின்


சேலையூர்
24.8.2024

ஜோசலினுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பச்சை அட்டை என்று எழுதியிருக்கிறாய். அது என்ன நிறம் என்று நான் எழுதவே இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அதை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். அவள் பையைக் கவிழ்த்துத் தேடினாள், அலமாரியில் தேடினாள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நானும் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். குற்றம் இல்லாதவள் கேட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். சுடிதாரெல்லாம் ரத்தம். நடக்க முடியாமல் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுத்தம் செய்து படுக்கவைத்த பிறகுதான் பேசினாள்.

"என் பையை நோண்டினியாம்மா?"

"கல்யாணம் ஆகாத பொண்ணு பையில அது எதுக்குடி இருக்கு?"

"நீ இதைத்தான் கேப்பேன்னு தெரிஞ்சுதான் உங்கிட்ட சொல்லல."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இன்றுவரை வேறு பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டை அவளே எடுத்துக்கொள்கிறாள், அவளே கழுவிவைக்கிறாள்.

எனக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லியிருக்கிறாள். உன் வயிற்றைக் கிழித்த அதே டாக்டரிடம்தான் அழைத்துப்போயிருப்பாய். எனக்கு ஒன்றும் தெரியாதது போல, 'நீயே உட்காரவைத்துக் கேள்' என்று உபதேசம் வேறு. என் வீட்டில் நடப்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. செப்டம்பர் திருவிருந்துத் துணியையும் பொன்னியம்மாளிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். எதுவும் என் கையில் இல்லை.

இனி நீ எனக்கு எழுதவேண்டாம்.

கிருபா


பள்ளிக்கரணை
29.8.2024

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கோபப்பட்டுக்கொண்டே படி.

நான்தான் அழைத்துப்போனேன். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை இங்கே வந்து தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். மாதக்கணக்கில் விலக்கு வரவில்லை. உன்னிடம் சொன்னால் வேறு மாதிரி நினைப்பாய் என்று பயம். நினைத்தாய்தானே? டாக்டர் மிருதுளா ஸ்கேன் பார்த்து நீர்க்கட்டி என்றார். நடக்கவும் எடை குறைக்கவும் சொன்னார், மாதம் சீராக வர இந்த மாத்திரை கொடுத்தார். படப்பைக்காரர்கள் பேச்சு முடியும்வரை அம்மாவுக்குத் தெரியவேண்டாம் சித்தி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு நீ எத்தனை திட்டினாலும் தகும்.

பச்சை என்ற ஒரு வார்த்தையில் என்னைப் பிடித்துவிட்டாய். நானும் உன் தங்கைதான் அக்கா. எனக்கும் படிக்கத் தெரியும்.

தோள்பட்டை வலியால் ஒரு துணிக்கு இஸ்திரி போட முடியவில்லை என்று எழுதினாய். அதே கடிதத்தில் தனியாளாக ஒரு டின் முறுக்கு பிழிந்ததாகவும் எழுதினாய். முறுக்கு பிழிகிற கைக்கு இஸ்திரிப் பெட்டி கனமா?

அந்த நாட்களில் மேஜைத் துணியைத் தொடக்கூடாது என்று அம்மா நமக்குச் சொல்லிவைத்தது. நான் விட்டுவிட்டேன், நீ விடவில்லை. கொரோனா வருஷம் உனக்கு நின்றபோது நீ என்ன எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இனி பன்னிரண்டு மாதமும் துணி எனக்குத்தான், பொன்னியம்மாள் பக்கத்தில் வரமுடியாது என்று எழுதினாய். இப்போது மூன்றாவது மாதமாக அவளிடம் கொடுக்கிறாய்.

உனக்கு ரத்தம் படுகிறது. இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்டவேண்டும் அக்கா. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், கர்ப்பப்பையின் உள்தோல் உலர்ந்து போனாலும் படுமாம். சின்னச் சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம். அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். ஜெபம் செய், வேண்டாமென்று சொல்லவில்லை. டாக்டரிடம் போய்விட்டு வந்து செய்.

எனக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி வந்தபோது இரண்டு வருஷம் கருப்புப் புடவையாகவே கட்டிக்கொண்டு வகுப்பெடுத்தேன். பிள்ளைகள் காக்கா டீச்சர் என்று பேர் வைத்தார்கள். என் உடம்பில் பாதி ரத்தம் போன பிறகுதான் போய்ப் படுத்தேன். அந்த டாக்டர் எதையும் தேவையில்லாமல் எடுக்கவில்லை. இடுப்பு வலி நின்றுகொண்டே பாடம் நடத்துவதால்.

ஜோசலின்


பள்ளிக்கரணை
12.9.2024

அக்கா,

பதில் இல்லை. இல்லை என்ற ஒரு வரியும் இல்லை. அதுவே எனக்குப் பதில்.

ஜெரூஷாவிடம் இதுவரை வாய் திறக்கவில்லை. அவள் சொன்னதை உன்னிடம் மறைத்ததற்குத்தான் என்னை வேண்டாம் என்றாய். உன்னுடையதை மட்டும் அவளிடம் மறைத்தால் அது என்ன நியாயம்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை பொறுப்பேன். அதற்குள் நீ அவளிடம் சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன். பிறகு என் முகத்தில் விழிக்கவில்லையென்றாலும் பரவாயில்லை, நீ இருந்து விழிக்காமல் இரு.

ஜோசலின்


சேலையூர்
5.10.2024

பிரியமான ஜோசலினுக்கு,

அக்கா கிருபா எழுதுவது. தேவன் எனக்குக் கொடுத்த தங்கை நீ. பிடித்தால் விடமாட்டாய்.

உன் மிரட்டல் கடிதம் வந்த அன்று ராத்திரியே அரிசி டின்னிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஜெரூஷா அறைக்குப் போனேன். கட்டிலில் வைத்தேன். என்னை அந்த டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போகச் சொன்னேன்.

"எதுக்கு? நான் எதுக்குப் போனேன்னு விசாரிக்கவா?"

"இல்லடி. எனக்குக் காட்டணும்."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறாள். என் பார்வையை என் பெண்ணின் முகத்தில் பார்த்தேன் ஜோசலின். அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கிளினிக்கில் எனக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூட யூனிபாரத்தில் ஒரு பிள்ளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பக்கம் நிறைமாதக்காரி. எதிரே என்னைவிட மூத்த ஓர் அம்மா, கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று கூச்சமில்லாமல் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் ஏன் வந்தாள், அவள் ஏன் வந்தாள் என்று வழக்கம்போல என் மனசு ஆரம்பித்தது. யூனிபாரப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு நின்றுவிட்டது.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். போன மாதத்திலிருந்து என்றேன். ஜெரூஷா என் கையை அழுத்தினாள். ஜூன் மாதம் என்று திருத்திச் சொன்னேன். ஸ்கேனில் உள்தோல் இருக்கவேண்டியதைவிடத் தடிப்பாக இருக்கிறது என்றார். கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட்டை என் அகராதியை வைத்துப் படிக்கப் போனேன், ஜெரூஷா வாங்கிக்கொண்டு அவளே சொன்னாள். புற்றுதான். உள்தோலோடு நிற்கிறது, வெளியே பரவினதாகத் தெரியவில்லையாம். கர்ப்பப்பையை எடுக்கவேண்டும். நீ இத்தனை சீக்கிரம் விரட்டியது நல்லது என்று டாக்டர் சொன்னார். உன்னைத் தெரியும் என்றார், காக்கா டீச்சர் கதையும் தெரிந்து வைத்திருக்கிறார்.

நான் அப்படியே நம்பிவிடவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் வேறு ஒரு டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை ஆபரேஷன். உன் அத்தான் பையில் மூன்று துண்டு எடுத்து வைத்திருக்கிறார், பல் துலக்கும் பிரஷ் வைக்கவில்லை.

படப்பைக்காரர்களிடம் நீர்க்கட்டி விஷயத்தை ஜெரூஷாவே சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஜெபித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. நல்லதாகப் போயிற்று என்று அவள் சிரிக்கிறாள். ராத்திரி சாப்பிட்டவுடன் மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

நாளைக்குத் திருவிருந்து ஞாயிறு. காலையில் பொன்னியம்மாள் துணிக்காக வந்து நின்றாள். நான் போட்டுக்கொள்கிறேன் என்று திருப்பி அனுப்பினேன். எனக்கு இன்னும் படுகிறது, இன்றைக்கும்தான். ஜெரூஷா பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்தாள், நான் இஸ்திரி போட்டேன். அம்மா இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள். ஓரத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. சந்தேகம் இருந்தால் நாளைக்கு எங்கள் சபைக்கு வந்து நீயே பார்.

இதை ஜெரூஷாவிடம் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கு டின்னும் அவள் கையில்தான் வருகிறது, கொஞ்சம் நமத்திருக்கும். உறையை ஒட்டவில்லை. வழியில் எடுத்துப் படித்தால் படிக்கட்டும்.

உன் அக்கா
கிருபா