உலை வேலையை நான் விடவில்லை

சென்னை
12.2.1982

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேணி வணங்கி எழுதுவது. நான் சுகம். சேரம்பாடிக் குளிரில் அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மாவுக்கு அட்டை கடித்த புண் ஆறியதா?

தேயிலை அரைக்கும் உருளைகளின் எஃகுப் பற்கள் சீக்கிரம் தேயாதபடி உலையில் சூடாக்கிப் பதப்படுத்துவதுதான் என் முனைவர் ஆராய்ச்சி. போன வாரம் உலைக் கதவு மணிக்கட்டில் லேசாகச் சுட்டுவிட்டது. கொப்புளம் வற்றிவிட்டது, பயப்படாதீர்கள். என் பேராசிரியர்தான் பயந்துவிட்டார்.

"உலை வேலையைப் பசங்க பாத்துக்கட்டும். நீ கணக்கு மட்டும் போடும்மா. முடியலைன்னா ஊருக்குப் போய் டீச்சர் வேலை பாரு" என்றார்.

"எந்த ஊருக்குங்க சார்? சிலோன்ல இந்தியாவுக்குப் போன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க. இனி யாரு சொன்னாலும் நான் போறதா இல்லீங்க" என்றேன்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு நானே உலையைத் திறந்தேன். பார்த்துக்கொண்டு நின்ற பேராசிரியர், தன் கையுறைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பெரிதுதான், துணி சுற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

ஃபேக்டரித் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். செய்தி இல்லாவிட்டாலும், உங்களுக்கு எழுதித் தரும் பக்கத்து வீட்டு ராசு அண்ணனிடம் சொல்லிக் கடிதம் எழுத வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் பேச யாரும் இருப்பதில்லை.

பெண் கேட்டு வருபவர்களிடம், மகள் உலையில் வேலை செய்கிறாள் என்று தயங்காமல் சொல்லுங்கள். கையில் தழும்பு இருப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
வேணி