ஒபல் படித்த முகம்

மார்ச் 3, திங்கள்

ஒரு சிம்பன்சி வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு, நான் கம்பிவலைக்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, முகத்தில் துப்பினால் அது பேச்சா? எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருடப் பயிற்சியில் ஒபலுக்கு நூற்றிருபது படக்குறிகள் தெரியும் என்கிறார்கள். என்னிடம் அதில் ஒன்றைக்கூட அது தொடவில்லை.

அதை வளர்த்த ரோண்டா கிட்வெல் ஒரு துண்டுகூடத் தரவில்லை. "துல்சாவுல டாக்டரம்மாவுக்கு இதான் வரவேற்பு. ஒரு குடை கொண்டாந்திருக்கலாம்ல?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒபலுக்கு உண்மையிலேயே மொழி தெரியுமா என்று சோதிக்க நிதிக் குழு என்னை அனுப்பியிருக்கிறது. தெரியும் என்றால் இந்த ஆராய்ச்சி மையம் நீடிக்கும். தெரியாது என்றால் மூடிவிடுவார்கள். ஒபல் லூசியானா சரணாலயத்துக்குப் போகும், ரோண்டா இல்லாமல்.

மார்ச் 5, புதன்

ரோண்டா ஒரு சொல்லைச் சொல்வாள். பலகையில் இருக்கும் நான்கு படங்களில் சரியானதை ஒபல் தொட வேண்டும். நாற்பதுக்கு முப்பத்தேழு. பிறகு ரோண்டாவுக்கு வெல்டிங் முகமூடி மாட்டி, மீண்டும் நாற்பது. பதினொன்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பத்து வரும்.

"அந்தக் கருமத்த மாட்டினா யாருக்குத்தான் பயம் வராது? உங்கம்மா அத மாட்டிட்டு வந்திருந்தா நீங்க பால் குடிச்சிருப்பீங்களா?"

நியாயமான ஆட்சேபம்தான். கேட்ட விதம்தான் சகிக்கவில்லை. ஒரு வாரம் முகமூடியோடேயே சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6

என் காப்பியில் உப்பு. சாட்சி இல்லை.

மார்ச் 12, புதன்

பயம் போய்விட்டது, ஒபல் முகமூடியைத் தட்டி விளையாடுகிறது. மதிப்பெண் ஒன்பது.

மாலையில் ரோண்டாவை உட்காரவைத்து, முகமூடி இல்லாமல் நடந்த முதல் சோதனையின் வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். ஒபலின் கை சரியான படத்துக்கு மேலே வரும்போதெல்லாம் ரோண்டாவின் புருவம் துளி ஏறுகிறது. ஒபல் பார்ப்பது பலகையை அல்ல, அந்தப் புருவத்தை. தனக்கே தெரியாமல் அவள் விடையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். "அப்ப பதினெட்டு வருசமா அவ எங்கிட்ட பேசல."

"இல்லை" என்றேன்.

"என் மூஞ்சியப் படிச்சிட்டு இருந்திருக்கா. ரெண்டு கல்யாணம் பண்ணேன், ஒருத்தனும் அதப் படிக்கல. இதுக்கு உங்க தாள்ல கட்டம் இருக்கா?"

"இல்லை."

"சனியன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிம்பன்சியை அல்ல.

மார்ச் 13

எனக்கென்ன வந்துச்சு? நானா அவளை ஏமாறச் சொன்னேன்? உள்ளதச் சொன்னேன், அவ்வளவுதான். முகத்தைப் படிப்பது மொழி ஆகாது. ஆகவே ஆகாது. சரி, அப்படியென்றால் அது என்ன?

அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்கலாமா, ஒபலை ரோண்டாவோடு சேர்த்தே அனுப்பும்படி, என்று நிதிக் குழுவின் இயக்குநர் ஹாஸ்கெல்லிடம் கேட்டேன். "ஆமாவா இல்லையான்னுதான் கேட்டோம். கதை எழுதவா கூப்பிட்டோம்?" என்றார். 'இல்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். வாதாடியிருக்கலாம். ரோண்டாவுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒபலை லூசியானாவுக்கு ஏற்றிப்போக நாளை லாரி வருகிறது. இடமாற்றத்தை நேரில் பார்த்துப் பதிவு செய்யக் குழு என்னைத் திரும்பவும் அனுப்பியிருக்கிறது. ரோண்டா வரக் கூடாது என்று ஹாஸ்கெல் சொல்லிவிட்டார். அழுது காரியத்தைக் கெடுப்பாளாம். திராட்சையைக் காட்டினால் ஒபல் தானாகக் கூண்டில் ஏறிவிடும் என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

ஏறவில்லை. எட்டு மணியிலிருந்து திராட்சை, தயிர், அதட்டல். ஒபல் லாரிக்காரர் மேல் மலத்தை எறிந்தது. பத்து மணிக்கு ஹாஸ்கெல்லே ரோண்டாவுக்கு ஃபோன் செய்தார். வந்தாள். என்னிடம், "தள்ளுங்க."

கூண்டைக் காட்டிச் சிரித்தாள். "வாடி, ஊர் சுத்தப் போலாம்." நல்ல சிரிப்பு, நான் நம்பியிருப்பேன். ஒபல் அவள் முகத்தையே பார்த்தது. மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே.

ரோண்டா சிரிப்பதை நிறுத்தினாள். லாரியோடு வந்திருந்த கால்நடை மருத்துவரின் கையிலிருந்து மயக்க ஊசியை வாங்கிக்கொண்டு வலையருகே போனாள். கன்னமெல்லாம் ஈரம், துடைக்கவில்லை. "தோள் குடும்மா" என்றாள், தடுப்பூசிக்கு வழக்கமாகக் கேட்பதுபோல.

ஒபல் எழுந்து வந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. தோளை வலையோடு ஒட்டி வைத்தது. அவளே போட்டாள்.

ஊசி 10.52. லாரி புறப்பட்டது 11.20.

"எழுதிக்கிட்டீங்களா?" என்று ரோண்டா கேட்டாள். எழுதிக்கொண்டேன் என்றேன்.