அப்பா என்று ஒருவர்

பிப்ரவரி 6

தியான மையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. “பேசக் கூடாத இடத்துல பேசுறதுக்குச் சம்பளமா? உனக்குன்னே செஞ்ச வேலை போ!”

காலையில் தியானம் சொல்லித்தரும் பிக்குணியம்மா பேசுவதை வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். மாலையில் அவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்பதைப் பிக்குணியம்மாவுக்கு நம் மொழியில் சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் வாய்க்குப் பூட்டு. “அவர் சொல்றார்” என்று ஆரம்பிக்கக் கூடாதாம். அவர்கள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘நான்’ என்று ஒன்று உண்டா என்று பார்க்கத்தான் இவ்வளவு பேரும் விமானம் ஏறி வந்திருக்கிறார்கள். இங்கே நான் ஒருத்தி, ஒரே மாலையில் ஊர்ப்பட்ட ‘நான்’!

பிப்ரவரி 8

புதிதாக ஒரு தம்பதி. மேற்கிலிருந்து. அவர் பாலம் கட்டும் எஞ்சினியர். அந்தம்மா பள்ளியில் பாட்டு டீச்சர். போர்வை கொடுக்கப் போனபோது டீச்சர் சொன்னார்: “நான் தியானத்துக்கு வரல. இவரைத் தனியா அனுப்ப மனசு வரல, அவ்வளவுதான். சமையலறையில ஏதாவது வேலை இருந்தா குடுங்க.”

பிப்ரவரி 11

எஞ்சினியர் முகத்தில் இன்று அப்படி ஒரு வெளிச்சம். “மூச்சு இருந்துச்சு. முதுகுவலி இருந்துச்சு. இதையெல்லாம் பாக்குறவன் எங்கன்னு தேடினேன், யாருமே இல்ல! எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?”

அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் லேசாக இருந்தது. பிக்குணியம்மா தலையசைத்தார். “சரி. இன்னும் பாருங்க” என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

நானும் உட்கார்ந்து பார்த்தேன். முட்டி கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கிறது. யார் என்னை உட்காரச் சொன்னார்கள்?

பிப்ரவரி 13

சமையலறையில் டீச்சரோடு பாத்திரம் கழுவினேன். அங்கே மெல்லப் பேசலாம்.

“கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறார். ‘நீ யாரைக் கூப்பிடுற’ன்னு கேக்குறார். அந்த யாருமில்லாதவரோட சட்டையைத் துவைக்கிறது நான்தானே?” இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டார். “போன வருஷம் எங்க பொண்ணு போயிட்டா. ரத்தத்துல நோய். காலேஜ்ல சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்ப கேட்டா, அழறதுக்கு ஆளே இல்லைங்கிறார்.”

அவர் கையிலிருந்த ஈரத் தட்டை வாங்கித் துடைத்தேன். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தேன்.

பிப்ரவரி 15

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மாலை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். எஞ்சினியர் நிதானமாகச் சொன்னார்: “மகளைப் பறிகொடுத்த அப்பான்னு ஒருத்தன் வெறும் நினைப்பு. அப்படி யாரும் இல்ல.” அப்படியே பிக்குணியம்மாவிடம் சொன்னேன்.

டீச்சர் பேசினார். அதையும் சொல்ல ஆரம்பித்தேன். “அப்ப அவ யாரோட பொண்ணு? ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு ‘அப்பா எங்கம்மா’ன்னு கேட்டாளே, அவ யாரைக் கேட்டா? நீங்க கதவுக்கு வெளியவே நின்னீங்க. நான் உள்ள...” — அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன். மொழிபெயர்க்க வந்தவள் இப்படி அழலாமா?

பிக்குணியம்மா என்னை அவசரப்படுத்தவில்லை. நான் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு எஞ்சினியரிடம் திரும்பினார்.

“இருக்குறதைப் பாருங்கன்னு சொன்னேன். இல்லைன்னு சொல்லச் சொல்லலியே. ‘அப்பான்னு யாரும் இல்ல’ங்கிறதும் ஒரு நினைப்புதான். அதைப் போய் இவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருக்கீங்க. நெஞ்சுல இப்ப என்ன இருக்கு?”

எஞ்சினியர் கண்ணை மூடிப் பார்த்தார். “பயம்” என்றார். “அன்னைக்குக் கதவுகிட்ட இருந்த அதே பயம்.”

“அதோட உக்காருங்க. ஓடாதீங்க.”

பிப்ரவரி 16

எஞ்சினியர் சாப்பிட வரவில்லை. டீச்சர் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 17

காலைத் தியானத்தில் ஒரு சத்தம். யாரோ இருமுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எஞ்சினியர். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டீச்சர் ஈரக் கையோடு உள்ளே வந்தார். இத்தனை நாளும் அந்தக் கூடத்துப் பக்கமே வராதவர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தார். மணி அடிக்க வேண்டிய நேரம் தாண்டியும் பிக்குணியம்மா அடிக்கவில்லை.

“இன்னைக்கு என்ன மொழிபெயர்த்த?” என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உண்மைதான்.

பிப்ரவரி 20

அவர்களை வழியனுப்ப விமான நிலையம் வரை போனேன். நான் முன்சீட்டில். டிரைவர் வாயாடி. “சாருக்கு எத்தனை பசங்க?” என்று கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேச்சை மாற்றலாம் என்று பார்த்தேன். அதற்குள் எஞ்சினியர், “என்ன கேட்டார்?” என்றார். சொன்னேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரு பொண்ணு” என்றார் எஞ்சினியர். “நல்லா நீந்துவா. என் மூக்கைப் பத்தி ஓயாம கேலி பண்ணுவா. போன வருஷம் செத்துப்போயிட்டா.”

அதை நான் சொன்னதும் டிரைவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கொஞ்ச தூரம் போன பிறகு, கண்ணாடியில் அவரைப் பார்த்து, “பேரு என்ன சார்?” என்றார். அதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டிரைவருக்கு அது வாயில் நுழையவில்லை. எஞ்சினியர் முன்னால் குனிந்து, சரியாக வரும் வரைக்கும், மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.