கீரையில் போட்ட உப்பு

ருமானா வாப்பாவுக்கு,

நானும் ருமானாவும் தின்கன்ஜூனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவோம். சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் கோழிகளுக்குப் போட, தோட்டத்தில் மிஞ்சிய முருங்கைக்கீரையையும் பூசணியையும் மறுபடி தகரத்தின்மேல் காயவைத்திருக்கிறேன். மேகம் கூடினால் உள்ளே எடுங்கள். உப்பு மட்டும் தூவாதீர்கள். கருவாட்டுக் கடைக்காரர் நீங்கள், எது காய்ந்தாலும் கை உப்புக்குத்தான் போகிறது. போன தடவை காய்ந்த கீரையை வாயில் போட்டுப் பார்த்தேன், அப்படிக் கரிக்கிறது. அதைத் தின்றுதான் நம் கோழிகளில் இரண்டு செத்தன.

நீங்களோ பக்கத்து வீட்டு பர்மியக்காரம்மா டோ மியாவிடம், "கோழிக்காய்ச்சல் போல" என்று சொல்லிவிட்டீர்கள். அது வார்டு ஆபீஸ் வரை போய், இன்று அங்கிருந்து ஆள் வருகிறார். காய்ச்சல் என்று எழுதிக்கொண்டால் சந்திலுள்ள எல்லாக் கோழிகளையும் பிடித்துப் புதைத்துவிடுவார்கள். டோ மியாவுக்கு முட்டை விற்றுத்தான் அடுப்பு எரிகிறது. "உப்புப் போட்டது நான்தான்" என்று அந்த வார்டு ஆளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். "ஒரு கை உப்புக்காக நான் ஊரு முன்னாடி தலைகுனியணுமா?" என்று காலையில் கத்தினீர்கள். ஆமாம், குனியத்தான் வேண்டும்.

தஸ்லீமா

பி.கு.: அக்கா வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் பக்கத்தில் நின்றால் உங்களுக்குச் சொல்ல வாய் வராது. அதனால்தான் போகிறேன்.